மூன்று ஜும்ஆ

சேலம் கோட்டைப் பகுதியில், திருமணிமுத்தாற்றங்கரை ஜாமிஆ மஸ்ஜிதில் ஸுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது வானம் இன்னும் வெளுக்கவில்லை. மார்கழிப் பனி தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. நாமக்கல் செல்லும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. மல்லூர் தாண்டி, ஆண்டகளூர் கேட் தாண்டி, புதுச்சத்திரத்தை நெருங்கும்போது பொழுது புலர்ந்தது. எதிரே வரும் லாரிகளில் பாதி முட்டை லாரிகள். அட்டைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வடக்கயிற்றால் இறுக்கிக் கட்டி, குழந்தையைத் தூக்கிச் செல்பவர் போல ஓட்டுநர்கள் நிதானமாக ஓட்டிச் செல்கிறார்கள். சாலையின் இரு மருங்கிலும் தூண்கள் மேல் நிற்கும் நீண்ட கொட்டகைகள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வருபவரும் ஊர் வந்துவிட்டதை அறிந்துகொள்வார்.

நாமக்கல் 1997 ஜனவரி முதல் தனி மாவட்டம். அதற்கு முன் எங்கள் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. நடுவில் நிற்கும் ஒற்றைப் பெரும்பாறையும், ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்துப் போர்களில் கைமாறிய அதன் உச்சிக் கோட்டையும் ஊருக்கு ஒரு காலத்து அடையாளம். இன்று நாடு முழுவதும் நாமக்கல் என்றால் லாரி, நாமக்கல் என்றால் முட்டை. மழை குறைந்த மேட்டு நிலம். கிணற்றை நம்பி வெள்ளாமை செய்து சலித்த மக்கள் கோழிப் பண்ணையில் கைவைத்தார்கள். விளைந்ததை நாட்டின் எந்த மூலைக்கும் கொண்டுசெல்ல வீட்டு வாசலிலேயே லாரி நின்றது. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தபின் விலையை வியாபாரி மட்டுமே சொல்லும் நிலை மாறியது. சத்துணவில் முட்டை சேர்க்கப்பட்ட 1989-ஆம் ஆண்டு முதல், நம் பிள்ளைகளின் தட்டுக்கும் இந்த மண்ணுக்கும் உறவு உண்டாயிற்று. மஸ்கட்டிலும் தோஹாவிலும் பிழைக்கப் போயிருக்கும் நம் சகோதரர்கள் காலை உணவுக்கு உடைக்கும் முட்டையும் இங்கிருந்து கப்பலேறியதாக இருக்கக்கூடும்.

ஆனால் ஒரு செய்தியை வாசக சகோதரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கான கோழிகள் வாழும் இந்தச் சமவெளியில், அந்தக் கொட்டகைக் கோழிகளில் ஒன்றுக்கும் அடைகாக்கத் தெரியாது. ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடவேண்டும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்க்கப்பட்ட இனம் அது. முட்டைமேல் அமரும் ஆசை எழுந்தால் இடுவது நின்றுவிடும். ஆகவே அந்த ஆசையே இல்லாத கோழிகளாகத் தேர்ந்து தேர்ந்து, தாய்மையை அதன் குருதியிலிருந்து கழித்துவிட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளையின் தட்டில் முட்டை விழுவது அதனால்தான். எனினும் முட்டைக்குப் பேர்போன ஊரில், குஞ்சு பொரிக்கும் கோழியைப் பார்க்க நான் இன்னும் இரண்டு பேருந்து மாறிக் கொல்லிமலை அடிவாரம் நோக்கிப் போகவேண்டியிருந்தது.

என் பெரியம்மா அங்கே இருக்கிறார். சேந்தமங்கலம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சிற்றூர். ஒரே ஒரு பள்ளிவாசல் தெரு; இருபது முப்பது இராவுத்தர் வீடுகள். சுற்றிலும் கவுண்டர் தோட்டங்கள். கிழக்கே பார்த்தால் கொல்லிமலை நீலச் சுவர்போல நிற்கும். மூன்று ஆண்டுகளாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகாமைக்குக் காரணம் ஒரு சேவல். அதைப் பின்னால் சொல்கிறேன்.

"வா தம்பி, வழி தெரிந்ததா?" என்றார் பெரியம்மா. அந்தக் கேள்வியில் குத்தல் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எழுபதைக் கடந்தும் நிமிர்ந்த நடை. வெள்ளைத் துப்பட்டியை ஒதுக்கிக்கொண்டு சொம்பில் தண்ணீர் நீட்டினார். காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். "சாப்பிடு, பிறகு பேசலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

பெரியப்பா மௌத்தானபோது பெரியம்மாவுக்கு வயது முப்பத்திரண்டு. மூன்று பெண் பிள்ளைகள். இத்தா முடிந்து வெளியே வந்தபோது கையில் இருந்தவை ஓர் எருமையும் ஆறு கோழிகளும். எருமைப் பால் வீட்டுச் செலவுக்கு. கோழிக் காசு மட்டும் தனி. அதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு வைப்பார். பிள்ளைகளின் மதரஸாக் கட்டணம், பெருநாள் துணி, மூத்தவளின் பேறுகாலச் செலவு எல்லாம் அந்தப் புட்டியிலிருந்து வந்தவை. எவரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்ததற்கு அவர் சொல்லும் காரணம் அல்லாஹ்வின் ரஹ்மத். அடுத்த மூச்சில் சொல்வது கோழி.

மதியத்துக்குப் பின் என்னைப் புறக்கடைக்கு அழைத்துப் போனார். வேம்பும் புளியும் நிழல் பரப்பிய முற்றம். சிறுவிடைகள் ஏழெட்டு, பெருவிடைகள் மூன்று, கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் இரண்டு. பார்க்க அழகில்லாத இந்தக் கழுத்தறுத்தான் கோடையில் மற்றக் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சுவிடும்போது கவலையின்றி மேயும். இறகு குறைவாதலால் உடற்சூடு எளிதில் வெளியேறிவிடுகிறது. "இதுதான் அடைக்கு முதல்தரம், அழகு பார்த்துப் பெண் எடுக்கக்கூடாது என்பது கோழிக்கும் பொருந்தும்" என்றார் பெரியம்மா.

சமையலறையின் இருண்ட மூலையில் அகன்ற மண்சட்டி. அடியில் மணல், அதன்மேல் வைக்கோல். அதில் ஒரு கழுத்தறுத்தான், தட்டையாகப் பரந்து, கண்ணை மூடாமல் மூடி அமர்ந்திருந்தது. கை நீட்டினேன், இறகைச் சிலிர்த்துக் கொத்த வந்தது.

"இன்றோடு இருபது நாள். நாளை ஜும்ஆவுக்குப் பொரிக்கும்" என்றார். அவருடைய கணக்கே தனி. கோழி முட்டை பொரிக்க 21 நாள் என்பது எல்லாருக்கும் தெரியும். பெரியம்மாவுக்கு நாள்காட்டி வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பாங்கு ஒலித்தபின் அடை வைப்பார். அதற்கடுத்து மூன்றாவது ஜும்ஆவுக்குக் குஞ்சு வெளிவரும். "மூன்று ஜும்ஆ" என்பதே அவர் வீட்டில் அளவு.

முட்டை தேர்வதில் அவர் காட்டும் கண்டிப்பைப் பெண்ணெடுக்கும் வீட்டில்கூடக் கண்டதில்லை. இட்டுப் பத்து நாளுக்கு மேற்பட்டதை வைக்கமாட்டார். மிகப் பெரியதும் வேண்டாம், மிகச் சிறியதும் வேண்டாம். ஓடு சொரசொரப்பாக இருந்தால் ஒதுக்குவார். அழுக்கு முட்டையைக் கழுவி வைக்கலாமே என்றேன். கூடாதாம். முட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. கழுவினால் அது போய் அழுகல் உள்ளே புகும். இதை நான் கால்நடைத் துறை வெளியீட்டில் படித்திருக்கிறேன். பெரியம்மா படிக்காமலே அறிந்து வைத்திருக்கிறார். ஏழாம் நாள் இரவு கைவிளக்கின்மேல் முட்டையைப் பிடித்துப் பார்ப்பார். உள்ளே சிலந்தி கால் விரித்ததுபோலச் செந்நரம்பு ஓடினால் கரு உண்டு. தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை. அதை எடுத்துவிடுவார்.

சட்டியின் ஓரத்தில் ஓர் ஆணியும் கரித்துண்டும் கிடந்தன. இடி இடித்தால் கரு கலங்காதிருக்க ஊரார் வைப்பது. "இது எதற்குப் பெரியம்மா? காப்பவன் அல்லாஹ் அல்லவா?" என்று கேட்டேன். "காப்பவன் அவன்தான். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா கொண்டுவந்து போட்டது. எடுத்து எறிந்தால் அவள் மனம் நோகும். ஆணி அங்கே கிடப்பதால் என்ன, அது பாட்டுக்குக் கிடக்கிறது" என்றார். மார்க்கத் தீர்ப்பு கேட்க விரும்புவோர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

அஸருக்குப் பின் ஒரு முட்டையை எடுத்து என் காதோரம் வைத்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மிக மெல்லியதாக, நகத்தால் பலகையைச் சுரண்டுவது போன்ற ஓசை. அதனூடே ஒரு கீச்சொலி. தாய்க்கோழி உடனே அடித்தொண்டையில் குறுகுறுத்தது. உள்ளிருந்து மறுபடியும் கீச். ஓடு உடையுமுன்பே பேச்சு தொடங்கிவிடுகிறது. குஞ்சின் அலகு நுனியில் முள்போன்ற ஒரு சிறு புடைப்பு உண்டு. ஓட்டை உடைப்பதற்கென்றே அது. பொரித்த சில நாளில் உதிர்ந்துவிடும். படைத்தவன் ஒரே ஒரு வேலைக்காக ஓர் உறுப்பைத் தந்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறான். ஸுப்ஹானல்லாஹ்!

இரவுச் சாப்பாட்டின்போது பெரியம்மாவின் பேரன் பேச்சைத் தொடங்கினான். துபாயில் ஆறு ஆண்டு இருந்து திரும்பியவன். குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை அவனே செய்திருக்கிறான். தெர்மகோல் பெட்டி, மின்விளக்கு, சூட்டை அளந்து விளக்கை அணைத்து ஏற்றும் ஒரு சிறு கருவி, ஈரத்துக்குத் தண்ணீர்க் கிண்ணம். சூடு 37.5 பாகையில் நிற்கவேண்டும். 18 நாள் வரை முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். முதல் முயற்சியில் 30 முட்டை வைத்து எட்டுக் குஞ்சு கிடைத்ததாம். நடுவில் ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. "மாமா, நீங்கள் சொன்னால் நன்னி கேட்பார்கள். பெரிய இயந்திரம் வாங்கி, 500 குஞ்சு விடலாம்" என்றான்.

நான் அவனுக்கு ஒரு பழைய செய்தியைச் சொன்னேன். பக்தாதைச் சேர்ந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப், 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்தில் தங்கியிருந்து தாம் கண்டவற்றை ஒரு நூலாக எழுதினார். எகிப்தில் தாய்க்கோழி பொரித்த குஞ்சைக் காண்பதே அரிது, எல்லாம் அடுப்பில் பொரிப்பவை என்று அதில் வியக்கிறார். மண்ணால் கட்டிய அறைகள், சாணமும் வைக்கோலும் கலந்த எரிபொருளின் மந்தச் சூடு, ஆயிரக்கணக்கில் முட்டைகள். வெப்பமானி இல்லாத அந்தக் காலத்தில் முட்டையைக் கண்ணிமைமேல் வைத்துச் சூட்டை அறிவது அத்தொழிலாளரின் வழக்கம். தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த அந்தக் கைப்பழக்கத்தைப் பிற்காலத்தில் ஐரோப்பியர் வந்து ஆராய்ந்து தங்கள் நாட்டில் செய்துபார்க்க முயன்றார்கள். ஆகவே இயந்திரம் என்பது துபாயிலிருந்து வந்த புதுமை அன்று. நைல் நதிக்கரையில் மிகப் பழைய கைத்தொழில்.

பையனுக்கு மகிழ்ச்சி. பெரியம்மா அசையவில்லை. "பொரித்துத் தருவது சரி. பருந்து வந்தால் ஒளியச் சொல்லிக்கொடுப்பது யார்? பெட்டியா?" என்றார்.

வானில் நிழல் தெரிந்தவுடன் தாய்க்கோழி எழுப்பும் குரல் வேறு. இரை கண்டபோது எழுப்பும் குரல் வேறு. முதல் குரலுக்குக் குஞ்சுகள் செடிக்கடியில் பாய்ந்து மறையும். இரண்டாம் குரலுக்கு ஓடிவரும். இவ்வளவு பாடத்தையும் ஒரு வாரத்தில் கற்பித்துவிடும். பெட்டியில் பொரித்த எட்டில் மூன்றைக் காகம் தூக்கிப் போயிற்று என்பதைப் பேரனே ஒப்புக்கொண்டான். எனினும் அவன் பக்கமும் கணக்கு உண்டு. நாட்டுக்கோழி 12 அல்லது 15 முட்டை இட்டதும் அடைக்கு அமர்ந்துவிடும். 21 நாள் அடை. அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் குஞ்சுகளோடு திரியும். ஆண்டுக்கு மூன்று, நான்கு முறைதான் முட்டை. இயந்திரம் வைத்தால் கோழி சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும். இதில் நான் பையன் பக்கமே. ஆனால் 500 என்ற எண் எனக்கு அச்சம் தந்தது. இதே கொங்குச் சீமையில் ஈமு வளர்த்தால் மாதச் சம்பளம் என்று நம்பி வீட்டு நகையை விற்றுப் போட்டவர்கள் 2012-இல் தெருவில் நின்றதை மறக்கமுடியுமா? கோழியால் கெட்டவர் இல்லை. ஒரே நாளில் பெருக நினைத்துக் கெட்டவர்கள் உண்டு. கடைசியில் பெரியம்மா ஒரு வழி சொன்னார்: பெட்டியில் பொரிக்கட்டும், பொரித்த அன்றிரவே அடைக்கோழியின் சிறகுக்குள் சேர்த்துவிடலாம். இருட்டில் சேர்த்தால் காலையில் எது தன்னது என்று கோழி எண்ணிப் பார்க்காது.

இனி அந்தச் சேவலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பெரியம்மாவைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, வழியில் ஒரு வாரச் சந்தையில் இறங்கி ஒரு சேவல் வாங்கினேன். மயில் நிறம், நெடிய கால், கம்பீரமான நடை. விலை பேசாமல் கொடுத்தேன். பெரியம்மாவும் மகிழ்ந்து அன்றே மற்றக் கோழிகளோடு விட்டார். நான் சேலம் திரும்பினேன். ஐந்தாம் நாள் சேவல் தலையைத் தொங்கப்போட்டது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. ஏழாம் நாள் இறந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக. கழுத்து முறுக்கிக்கொண்டு, மூச்சுக்குத் திணறி, பத்தே நாளில் 42-இல் 37 கோழிகள் போயின. எனக்கு எவரும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு திருமண வீட்டில்தான் செய்தி காதில் விழுந்தது. பேத்தியின் கல்லூரித் தவணைக்கு அந்தக் கோழிகளையே நம்பியிருந்தாராம். தோட்டைக் கழற்றி ஜமாஅத் பைத்துல்மாலில் ஈடாக வைத்து, வட்டியில்லாக் கடன் பெற்றுக் கட்டியிருக்கிறார்.

நான் பணம் அனுப்பினேன். திரும்பி வந்தது. "கோழி போனதற்குக் கோழிதான் ஈடு; தம்பி வருத்தப்படவேண்டாம்" என்று ஒரு வரிச் செய்தி. அதன்பின் எனக்குப் போக முகமில்லை.

அந்த நோய்க்கு ஊர்ப்பெயர் வெள்ளைக்கழிச்சல். ஏட்டுப்பெயர் இராணிகேத் நோய். இமயமலைச் சாரலில் உள்ள இராணிகேத் என்னும் ஊரில் 1920-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் அப்பெயர். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அது தலைகாட்டியது. அதனால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. வந்தபின் மருந்து கிடையாது. வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கையின் அடியில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார முகாமும் நடக்கிறது. இதெல்லாம் இருந்தும் கிராமத்துப் புறக்கடைகளில் கோழி செத்து மடிவதற்குக் காரணம், ஐந்து கோழிக்காக யார் மருந்தகம் வரை போவது என்ற எண்ணமே. பண்ணை முதலாளிக்கு அந்த எண்ணம் வராது. ஏழைப் பெண்ணுக்கு அந்த ஐந்தும் போனால் மறுபடி தொடங்க முதல் இருக்காது.

பெரியம்மா மறுபடி தொடங்கியது எப்படி என்பதையும் அன்றிரவே அறிந்தேன். பக்கத்துத் தோட்டத்து ஆத்தா, தம் வீட்டு அடைக்கோழியையும் 11 முட்டைகளையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாராம். "வாரத்துக்கு விட்டதாக வைத்துக்கொள், வளர்ந்ததும் பாதி கொடு" என்றிருக்கிறார். பாதி கொடுக்கப் போனபோது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாராம். பெருநாளைக்கு எந்த வீட்டுக்குப் பிரியாணி முதலில் போகிறது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஸுபுஹு வக்துக்குச் சற்று முன்பே சேவல் கூவியது. சேவலைத் திட்டாதீர்கள், அது தொழுகைக்கு எழுப்புகிறது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நகரத்தில் கைப்பேசி மணியில் எழுபவனுக்கு அது வெறும் செய்தி. இங்கே அது வேப்பமரக் கிளையில் நின்று பெயர் சொல்லி அழைக்கிறது.

தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மூன்று வெளிவந்திருந்தன. நனைந்த பஞ்சு போல, நிற்கத் தெரியாமல். ஒன்று ஓட்டைப் பாதி உடைத்து ஓய்ந்து கிடந்தது. நான் விரலால் உதவப் போனேன். பெரியம்மா கையைத் தட்டிவிட்டார். "நீ உரித்தால் இரத்தம் வரும். அதற்கு நேரம் இருக்கிறது" என்றார். ஓட்டின் உட்புறச் சவ்வில் இரத்தநாளங்கள் வற்றும்வரை அது இளைப்பாறத்தான் வேண்டும். ஜும்ஆவுக்குப் புறப்படும்போது 13-இல் பதினொன்று பொரிந்திருந்தன. பள்ளியில் முன்வரிசையில் இடம் தேடி அமர்ந்தபோது அந்த நபிமொழி நினைவில் வந்தது. ஜும்ஆவுக்கு முதல் நேரத்தில் வருபவர் ஒட்டகத்தைக் குர்பான் கொடுத்தவர் போலவும், அடுத்தவர் மாடு, அதற்கடுத்தவர் ஆடு, நான்காம் நேரத்தில் வருபவர் கோழி, ஐந்தாம் நேரத்தில் வருபவர் முட்டை ஈந்தவர் போலவும் நன்மை பெறுவர் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. இத்தனை ஆண்டு அதைக் கேட்டிருக்கிறேன். முட்டை என்றால் கடைசி, அற்பம் என்றே எண்ணியிருந்தேன். காதோரம் வைத்து அந்தச் சுரண்டலைக் கேட்டவனுக்கு அப்படித் தோன்றவில்லை.

பொரித்த குஞ்சுக்கு ஒன்றிரண்டு நாள் இரையே வேண்டாம். உள்ளிழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே போதும். பிறகு நொய், கம்பு. எல்லாவற்றினும் மேலானது கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் புற்றருகே கவிழ்த்து வைத்தால், விடியலில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். காசில்லாப் புரதம். தட்டினால் குஞ்சுகள் பறந்து வருகின்றன. பத்து நாள் பஞ்சாரத்துக்குள் அடைப்பு, பிறகு முற்றம்.

சனிக்கிழமை இருட்டோடு கோழிகளைப் பிடித்தோம். இருளில் கோழி அடங்கியிருக்கும். பகலில் பிடிக்கப்போனால் ஊரே சிரிக்கும். இரண்டு பஞ்சாரங்களில் அடைத்து, பேரனின் இருசக்கர வண்டியிலும் ஆத்தா வீட்டு டெம்போவிலுமாக மருந்தகத்துக்குக் கொண்டு சேர்த்தோம். பெரியம்மா மூன்று ஆண்டுகளாக ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லையாம். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மருத்துவர் இளம்பெண். ஒவ்வோர் இறக்கையாக விரித்து ஊசி போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "புதுக்கோழி வாங்கினால் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். வீட்டுக் கோழிக்கு முதலில் தீனி வையுங்கள், புதியதற்குக் கடைசியில். பிறகு கை கால் கழுவுங்கள். நோய் உள்ளே இருந்தால் அந்த மூன்று வாரத்துக்குள் வெளியே தெரிந்துவிடும்." அவருக்கு என் கதை தெரியாது. பெரியம்மா வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேவிட்டேன். "தோட்டை நான் மீட்டுத் தருகிறேனே, பெரியம்மா?"

"இன்னும் இரண்டு அடை பொரித்தால் நானே மீட்டுவிடுவேன். நீ ஒன்று செய். நாளை வேலூர்ச் சந்தைக்குப் போய் ஒரு சேவல் வாங்கி வா. என்னிடம் இருப்பதெல்லாம் ஒரே இரத்தமாகிவிட்டது. குஞ்சு வலுவில்லாமல் வருகிறது."

"நானா?"

"கோழி பார்க்கத் தெரிந்தவன் நீதானே. அன்று கொண்டுவந்தது அழகான சேவல்தான். நோய் அதன் முகத்திலா எழுதியிருந்தது?"

பரமத்தி வேலூரில், காவிரிக்கு அருகே, சுல்தான்பேட்டை வாரச் சந்தையில் ஞாயிறுதோறும் நாட்டுக்கோழிகள் விற்பனைக்கு வருகின்றன. கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவருவோர், கைக்குழந்தை போல அணைத்து வருவோர், சண்டைச் சேவலின் நெஞ்சைத் தடவித் தசையை அளப்போர். சண்டைக்கு விலங்குகளை ஏவுவதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. அந்தப் பக்கம் நான் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் சுற்றினேன். அன்று ஐந்து நிமிடத்தில் வாங்கியவன்! கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கில் நீர் இருக்கிறதா, கழிவிடத்து இறகு சுத்தமா, தடுப்பூசி போட்டதா என்று கேட்டுக் கேட்டு, பலரிடம் ஏச்சும் வாங்கி, கடைசியில் ஓர் ஆத்தாவிடம் சிவந்த நிறத்துச் சேவல் ஒன்றை வாங்கினேன். கம்பீரம் கொஞ்சம் குறைவுதான்.

பெரியம்மா அதைக் கையில் வாங்கி, அலகைப் பிரித்துப் பார்த்தார். இறக்கையைத் தூக்கிப் பேன் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தெருவுக்கு அந்தப் பக்கம், யாரும் குடியில்லாத பழைய மாட்டுக் கொட்டகைக்கு நடந்தார். அங்கே தனிப் பஞ்சாரம், தனித் தண்ணீர்ச் சட்டி எல்லாம் முன்பே தயாராக இருந்தன. "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தார்.

மறுநாள் ஸுபுஹுக்கு முன் வேப்பமரத்துச் சேவல் கூவியது. தெருவுக்கு அப்பாலிருந்து புதியது பதில் கொடுத்தது. பெரியம்மா ஒளுச் செய்துகொண்டிருந்தவர், கையில் நீரோடு சற்று நின்று கேட்டார்.

"மூன்று ஜும்ஆ கழியட்டும்" என்றார்.

நான் சேலம் வந்துவிட்டேன். இதை எழுதும் இன்று இரண்டாவது வெள்ளி. காலையில் தொலைபேசியில் பேரனிடம் கேட்டேன். சேவல் தின்கிறதாம், கூவுகிறதாம்.